உஷார்! பாதி விலைக்கு வரும் அந்த டயர் உங்கள் லோடு வண்டிக்கானது அல்ல

லோடு வண்டி ஓட்டுகிறவர்கள், வண்டி வாங்கி ஆள் போட்டு ஓட்டுகிறவர்கள், உதிரிபாகக் கம்பெனிகளில் டிரான்ஸ்போர்ட் பார்க்கிறவர்கள் எல்லோரும் அடுத்த டயர் மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், படப்பை, வாலாஜாபாத் என்று இந்த வட்டாரத்தில் ஓடுகிற பிக்கப்புகளில் கார் டயர் மாட்டுகிறார்கள். பார்ப்பதற்குப் புது டயர் மாதிரியே இருக்கும். பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். அளவும் அச்சாகப் பொருந்தும். லோடு ஏற்றிப் பத்து நாள் ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஒருநாள் மதிய வெயிலில், முழு லோடோடு, நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது வெடிக்கும்.

இந்த டயர்கள் எங்கிருந்து வருகின்றன? புதிதாக எஸ்யூவி வாங்குகிறவர்களில் சிலர் கம்பெனி கொடுத்த டயர் பிடிக்காமல், அகலமான டயரும் அலாய் வீலும் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது கழட்டிய டயர்களைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். ‘கழட்டின டயர்’ என்று அது மறுபடி விற்பனைக்கு வரும். இதில் திருட்டோ மோசடியோ இல்லை. அதே மாதிரி இன்னொரு காருக்கு மாட்டினால் நல்ல டயர்தான். அது ஒரு டன் சுமக்கிற வண்டியின் பின்சக்கரத்துக்குப் போகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

ஒரகடம் பக்கம் ஒரு டயர் கடையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பிக்கப்பை ஜாக்கி போட்டு நிறுத்தியிருந்தார்கள். பின்பக்கம் இரண்டு டயரும் மொட்டை. ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஜோடி டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சைஸு கரெக்டா இருக்கும்லண்ணா?”

“உன் வண்டி சைஸேதான் தம்பி. எழுதியிருக்கறத நீயே பாரு. டெலிவரி எடுத்த வாரமே கழட்டின மால். பட்டன்ல இன்னும் முடிகூட உதிரல பாரு.”

“லோடு தாங்குமா?”

“கம்பெனி டயருப்பா. ஏன் தாங்காது?”

குனிந்து நானும் படித்தேன். 215/75 ஆர் 15. வண்டியிலிருந்து கழட்டிப் போட்டிருந்த பழைய டயரிலும் அதே எண்கள்தான். கடைக்காரர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அளவு சரி, கம்பெனி சரி, புதுசு என்பதும் சரி. ஆனால் அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது: 100 எஸ். பழைய டயரிலோ அளவையடுத்து எல், டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், 8 பிஆர் என்ற குறிப்பு, நடுவில் சாய்கோடு போட்ட இரண்டு எண்கள். இந்த வித்தியாசத்தைக் கடைக்காரரும் பார்க்கவில்லை, ஓட்டுநரும் பார்க்கவில்லை. இருவரும் பேசியதெல்லாம் அளவைப் பற்றி மட்டும்தான்.

அந்த 100 என்பது லோடு இன்டெக்ஸ். ஒரு டயர் அதிகபட்சம் எத்தனை கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. உலகம் முழுக்க ஒரே அட்டவணைதான். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120 கிலோ. லோடு டயரில் சாய்கோடு போட்டு இரண்டு எண் இருந்தால், முதல் எண் சக்கரத்துக்கு ஒற்றை டயர் மாட்டும் வண்டிக்கு, இரண்டாவது ஜோடி டயர் மாட்டும் வண்டிக்கு. பிக்கப்புக்கு முதல் எண்ணைப் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். வண்டி, லோடு, ஆள் எல்லாம் சேர்த்து 3 டன்னை நெருங்கும் பிக்கப் என்று வைத்துக்கொள்வோம். லோடு பின்னால்தான் உட்காருகிறது. பின் அச்சில் ஏறக்குறைய 2 டன் இறங்கும். ஒரு டயருக்கு 1,000 கிலோ. மாட்டியிருப்பதோ 800 கிலோ டயர். ஆர்சி புத்தகத்தில் அனுமதித்த எடைக்கு மேல் ஒரு பெட்டிகூட ஏற்றாமலேயே ஒவ்வொரு பின் டயரும் 200 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. அமெரிக்காவில் கார் டயரை டிரக் வகை வண்டிக்கு மாட்டினால், அந்த டயரின் தாங்கு எடையை 1.1 ஆல் வகுத்துக் குறைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. லோடு வண்டியில் குலுக்கலும் சாய்வும் அதிகம் என்பதால் அப்படி. அந்தக் கணக்கில் 800 கிலோ டயர் 727 கிலோவுக்கு இறங்கிவிடும்.

காற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. லோடு டயரில் பின்பக்கம் 50, 60 பிஎஸ்ஐ என்று பிடித்துப் பழகிய கை நம்முடையது. பிஆர் என்பது டயர் உறையின் வலிமையைச் சொல்லும் எண். 8 பிஆர் லோடு டயர் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது. கார் டயர் தன் முழு எடையைச் சுமப்பதே 35 பிஎஸ்ஐ வாக்கில்தான். அதற்குமேல் காற்றை ஏற்றினாலும் தாங்கும் எடை கூடாது. அதன் பக்கச் சுவரில் அதிகபட்ச அழுத்தம் என்று பொடி எழுத்தில் பெரும்பாலும் 44 அல்லது 51 பிஎஸ்ஐ அச்சிட்டிருக்கும். ஆகவே 35 பிடித்தால் லோடில் டயர் பிதுங்கிச் சூடேறும். 60 பிடித்தால் அச்சிட்ட எல்லையைத் தாண்டிவிடும். இந்த வண்டியில் அந்த டயருக்குச் சரியான காற்று என்று ஒன்று கிடையவே கிடையாது.

குட்டியானை என்கிற டாடா ஏஸ் வைத்திருப்பவர்கள் “நம்ம டயர் சின்னது, அதில் என்ன குழப்பம் வரப்போகிறது” என்று நினைக்காதீர்கள். டாடா ஏஸின் டயர் அளவு 145 ஆர் 12 எல்டி, 8 பிஆர். அதன் லோடு இன்டெக்ஸ் 86/84. அதாவது ஒற்றை டயருக்கு 530 கிலோ. மாருதி ஆல்டோவில் வரும் 145/80 ஆர் 12 டயர் அதே ரிம்மில் உட்கார்ந்துவிடும். உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அதன் லோடு இன்டெக்ஸ் 74, வெறும் 375 கிலோ. ஒரு டயருக்கு 155 கிலோ வித்தியாசம். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், கேன்டீன் சாப்பாடு என்று ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிற வண்டியில் அந்த டயர் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில ஓட்டுநர்கள் வேக எழுத்தைப் பார்த்தும் ஏமாறுகிறார்கள். கார் டயரில் எஸ் என்றிருந்தால் 180 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். லோடு டயரில் என் என்றிருந்தால் 140 வரைதான். “இது 180 போகும்ணா, ஸ்ட்ராங்கான டயர்” என்று விற்பவர் சொல்வார். வேகம் தாங்குவது வேறு, சுமை தாங்குவது வேறு. பிக்கப்பில் 180 போகப்போவது யாரும் இல்லை. 1,000 கிலோ சுமப்பது தினமும் நடக்கிறது.

டயர் ஏன் வெடிக்கிறது என்பது புரிந்தால் இந்தக் கவனம் தானாக வந்துவிடும். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தரையில் படுகிற இடத்தில் டயரின் பக்கச் சுவர் மடங்கி நிமிர்கிறது. எடை கூடினால் மடிப்பு கூடும். காற்று குறைந்தாலும் மடிப்பு கூடும். மடிப்பு கூடினால் சூடு. அந்தச் சூடு ரப்பருக்கும் உள்ளே இருக்கிற ஸ்டீல் பெல்ட்டுக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. தளர்ந்தது வெளியே தெரியாது. தரையில் படுகிற பட்டன் பகுதி மொத்தமாகப் பட்டையாகக் கழன்று பறக்கும்போதுதான் தெரியும். கத்தரி வெயிலில் தார் ரோடே கொதிக்கும். ‘இத்தனை மணிக்குள் பார்ட்ஸ் வரவில்லை என்றால் லைன் நின்றுவிடும்’ என்று போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் லோடு ஏற்றி ஒரகடத்துக்கோ மறைமலை நகருக்கோ விரட்டிக்கொண்டு போகும் ஓட்டுநருக்கு வண்டியை நிழலில் நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்க்க எங்கே நேரம்?

உலகமே அதிர்ந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2000 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டன் பகுதி உரிந்து, வண்டி நிலைகுலைந்து உருண்டது. 270-க்கும் மேற்பட்ட மரணங்களை அந்த டயர்களோடு அமெரிக்க அரசு அமைப்பு தொடர்புபடுத்தியது. தயாரிப்புக் குறையும் இருந்தது, வண்டியின் வடிவமைப்பைப் பற்றிய சர்ச்சையும் இருந்தது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. டிரக் அடிச்சட்டத்தில் எழுப்பிய அந்த வண்டிக்கு மாட்டியது கார் வகை டயர். அளவு 235/75 ஆர் 15, நம் ஊர் ஜீப்புகளிலும் பிக்கப்புகளிலும் வருகிற அதே அளவு. காற்று 26 பிஎஸ்ஐ போதும் என்று ஃபோர்டு பரிந்துரைத்திருந்தது. டயர் கம்பெனியோ 30 வேண்டும் என்றது. விபத்துகள் அதிகம் நடந்தது டெக்ஸஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில். குறைந்த காற்று, கூடுதல் எடை, கடும் வெயில், நெடுஞ்சாலை வேகம். இந்த நான்கில் எது நம் வட்டாரத்தில் இல்லை?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் அமைப்பு அங்கே புது வண்டிகளுக்குக் கட்டாயமானது. நம் பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றில் அந்த விளக்கு கிடையாது. ஓட்டுநரின் கண்ணும் கையும்தான் விளக்கு.

‘டயர் வெடித்தது விதி, யார் என்ன செய்ய முடியும்’ என்று இனிச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2010 அக்டோபரில் மகாராஷ்டிராவில் புனேயிலிருந்து மும்பை போன ஒரு காரின் பின் டயர் வெடித்து, வண்டி பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்துபோனார். டயர் வெடித்தது கடவுள் செயல், நாங்கள் நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடியது. 2023 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டயர் வெடிப்பது கடவுள் செயல் ஆகாது, அது மனிதரின் அலட்சியம் என்று சொல்லி, சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. வேகம் கூடுதல், காற்று குறைவு அல்லது அதிகம், பழைய டயர், வெப்பம் எனக் காரணங்கள் பல உண்டு என்றது தீர்ப்பு. வண்டி முதலாளிகள் இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே கார் டயர் மாட்டிய பிக்கப் வெடித்து யாராவது இறந்தால், அலட்சியம் யாருடையது என்று கேட்க அதிக நேரம் ஆகாது.

கடைக்குப் போகுமுன்

வண்டியில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு ஓரத்திலோ பல வண்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவும் காற்றும் அதில் இருக்கும். ஸ்டிக்கர் போய்விட்டிருந்தால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அளவோடு சேர்த்து லோடு இன்டெக்ஸையும் பிஆர் எண்ணையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வண்டியில் இருக்கிற டயரை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால், முன்னவர் தவறான டயர் மாட்டியிருக்கலாம்.

கடையில் முதலில் தேட வேண்டியது எல்டி என்ற எழுத்து. வெளிநாட்டு வழக்கப்படி அளவின் முடிவில் சி என்று மட்டும் இருந்தாலும் அது லோடு டயர்தான். எல்டியும் இல்லை, சியும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இது டயர் வாங்குகிற பலருக்குத் தெரியாது. இந்தியாவில் விற்கிற புது டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2009-ல் மத்திய அரசு இதற்கென்றே தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டது. அந்த முத்திரைக்கு மேலே ஒரு எண் இருக்கும். கார் டயர் என்றால் 15633. லாரி, பஸ், பிக்கப் போன்ற வணிக வாகன டயர் என்றால் 15636. விற்பவர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், டயரே தான் யார் என்று சொல்லிவிடும். முத்திரைக்குக் கீழே இருக்கிற உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ என்ற செயலியில் போட்டால் அது உண்மையான உரிமமா, எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்பதும் வந்துவிடும். போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

அடுத்தது வயது. பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால் வெளியே தெரியாது. ஆகவே மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள். அந்த இடத்தைச் சுரண்டியோ தேய்த்தோ வைத்திருந்தால் பேரமே பேசாதீர்கள். பட்டன் முழுசாக இருக்கிறதே என்று பழைய டயரை வாங்குவதில் அர்த்தமில்லை. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகிக்கொண்டுதான் இருக்கும். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை ஒவ்வொரு வருடமும் சோதிக்கச் சொல்கிறார்கள் டயர் கம்பெனிக்காரர்கள். பத்து வருடம் ஆனதைப் பட்டன் இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். இந்த எச்சரிக்கை ஸ்டெப்னிக்கும் பொருந்தும். லோடு வண்டியின் வயிற்றுக்கடியில் வருடக்கணக்கில் தொங்கி, சூட்டையும் சேற்றையும் வாங்கிக்கொண்டிருக்கும் அந்த டயரை அவசரத்தில் மாட்டி முழு லோடோடு கிளம்புகிறோம். அதன் நான்கு இலக்கத்தை இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

வெட்டிய பட்டன்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணை ஏமாற்றுவதில் இதற்கு நிகர் இல்லை. மொட்டையான டயரில் சூடான கத்தியால் பள்ளம் தோண்டி, கருப்பு பாலிஷ் அடித்து, பட்டன் உள்ள டயர் மாதிரி விற்பது பழைய தொழில். பெரிய லாரி டயர் சிலவற்றில் இப்படிப் பள்ளம் வெட்டுவதற்கென்றே கூடுதல் ரப்பர் வைத்துத் தயாரிக்கிறார்கள், அதைப் பக்கச் சுவரிலும் குறிப்பிட்டிருப்பார்கள். பிக்கப், கார் டயரில் அந்தக் கூடுதல் ரப்பர் கிடையாது. கத்தி போகிற ஆழத்துக்குக் கீழே ஸ்டீல் பெல்ட்தான்.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பட்டன் பள்ளத்துக்குள் விரலை விட்டு டயரைச் சுற்றித் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த நல்ல டயரிலும் பள்ளத்தின் அடியில் சிறிய மேடுகள் இடைவெளி விட்டுத் தட்டுப்படும். தேய்மானக் குறி அது. அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் விளிம்பில் சிறிய முக்கோணக் குறி இருக்கிற இடத்துக்கு நேராகத் தேடினால் கிடைக்கும். பள்ளம் ஆழமாக இருக்கிறது, மேட்டைக் காணவில்லை என்றால் கத்தி அதையும் சேர்த்து வெட்டிவிட்டது என்று பொருள். பள்ளத்தின் ஓரம் நேராக இல்லாமல் நெளிந்திருப்பதும், அடியில் நூலோ கம்பியோ லேசாகத் தெரிவதும் மற்ற அடையாளங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 94-இன்படி கார், லோடு வண்டி டயர்களில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. வெட்டிய டயர் இந்த விதியை ஏற்கெனவே மீறிவிட்டுத்தான் கடைக்கு வருகிறது.

ரீபட்டன் டயரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நல்ல உறை உள்ள டயரைச் சோதித்து, புது ரப்பர் பட்டையை முறைப்படி ஒட்டித் தருகிற ரீட்ரெடிங் என்பது கௌரவமான தொழில். லாரிக்காரர்கள் பலருக்குப் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. உங்கள் டயரையே கொடுத்து, தெரிந்த இடத்தில் செய்து, பின்சக்கரத்துக்குப் போட்டால் சரி. யாருடைய டயர், எத்தனை முறை பஞ்சர் ஆனது, எவ்வளவு லோடில் அடிபட்டது என்று தெரியாத ரீபட்டன் டயரை வாங்காதீர்கள். முன்சக்கரத்துக்கு ரீபட்டனே வேண்டாம். முன் டயர் போனால் ஸ்டியரிங்கே கையை விட்டுப் போய்விடும்.

‘கம்பெனி செகண்ட்ஸ்’ என்று யாராவது சொன்னால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். இந்த வட்டாரத்தில் அந்தச் சொல் எளிதில் நம்பிக்கை தந்துவிடும். ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ் ஆலை 2010 முதல் இருக்கிறது. ஜேகே டயர் ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் இருக்கிறது. சியட் ஆலை 2020-ல் மதுரமங்கலம் பக்கம் வந்தது. சற்றுத் தள்ளி அரக்கோணத்தில் எம்ஆர்எஃப், தேர்வாய்கண்டிகையில் மிஷலின். நாட்டிலேயே டயர் ஆலைகள் இப்படி நெருங்கி நிற்கிற இடங்கள் மிகக் குறைவு. வாகனங்களை ஓட்டிச் சோதிப்பதற்காக மத்திய அரசு அமைத்த ஆராய்ச்சி மையமும் சோதனைத் தடமும்கூட ஒரகடத்தில்தான் உள்ளன. அதனால் “கேட்டிலிருந்து நேரா வந்தது” என்று சொன்னால் நம் ஆட்கள் தலையாட்டிவிடுகிறார்கள். ஆலை ஒரு டயரை ஒதுக்கிவிட்டது என்றால் காரணம் இருக்கும். அந்தக் காரணம் உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. பில் இல்லாமல், கியாரண்டி இல்லாமல் வருகிற டயர் எந்த ஆலையின் வாசலில் இருந்து வந்தது என்று சொன்னாலும் அது வெறும் சொல்தான்.

அழகுக்காகப் பெரிய, அகலமான டயர் மாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வேண்டாம். ஃபெண்டரில் உரசும், ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும், லோடில் இழுவை குறையும், பிரேக் பிடிக்க இன்னும் தூரம் எடுக்கும். டியூப் போடும் ரிம்மில் டியூப்லெஸ் டயரை அப்படியே மாட்டுவதும் தவறு. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் என்று மாட்டுவது அதைவிடத் தவறு. இரண்டும் வேறு வேறு விதமாக மடங்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மழையை மறந்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சாலைகளின் ஓரமெல்லாம் தண்ணீர் நிற்கும். ஜல்லி லாரிகள் சிந்திய தூளும் மழையும் சேர்ந்தால் ரோடு வழுக்கும். 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி கார், இலகு டிரக், கனரக டிரக் டயர்கள் மூன்று வகைக்கும் ஈரச் சாலைப் பிடிப்புக்கும் உருளும் தடைக்கும் சத்தத்துக்கும் தரம் வரையறுக்கப்பட்டது. புது வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபர் முதல், பழைய வடிவமைப்புகளுக்கு 2023-இல். அதற்கு முன் தயாராகி எங்கோ கிடங்கில் கிடந்த டயரை ‘புதுசு’ என்று வாங்கினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைத்ததா என்று சொல்ல முடியாது. நான்கு இலக்கத்தைப் பார்க்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

முதலாளிகளுக்கும் கம்பெனிகளுக்கும்

ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மாதத் தவணை கட்ட வேண்டும், டீசல் போட வேண்டும், ஒரு டிரிப்புக்குக் கிடைக்கிற பணம் ஏறவே இல்லை. ஒரு டயருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் என்றால் கை தானாக நீளும். வண்டி வாடகையை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிட்டு, நல்ல டயர் மாட்டு என்று சொல்வது நியாயம் ஆகாது. டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்ட் எழுதுகிறவர்கள் டயர் செலவையும் அதில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆலை கேட்டுகளில் ஓட்டுநரிடம் ஷூ இருக்கிறதா, பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். நல்லது. அதே இடத்தில் பின் டயரில் எல்டி இருக்கிறதா, 15636 இருக்கிறதா என்று பார்க்கச் செக்யூரிட்டிக்குச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். உங்கள் பார்ட்ஸைச் சுமந்து வருகிற வண்டி, உங்கள் தொழிலாளர்களின் பஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

எஃப்சி காட்டுவதற்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டி, திரும்பி வந்து பழசை மாட்டுகிறவர்களிடம் கேட்கிறேன்: அந்த வண்டியில் போவது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இப்படிச் செய்வீர்களா? அதேபோல் அதிக லோடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக எடைக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அபராதத்தைக்கூட விடுங்கள். சரியான லோடு டயர் மாட்டியிருந்தாலும் அனுமதிக்கு மேல் ஏற்றினால் அதுவும் தாங்காது. கல்யாணம், கோயில் திருவிழா என்று பிக்கப்பின் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறோமே, டயர் வெடித்தால் பெட்டி சிதறுவதுபோல அங்கே மனிதர்கள் சிதறுவார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஏற்கெனவே கார் டயர் மாட்டிவிட்டீர்களா? இன்றைக்கே லோடைக் குறையுங்கள், சீக்கிரம் மாற்றுங்கள். அதுவரை நெடுஞ்சாலையில் வேகம் வேண்டாம். பக்கச் சுவரில் சிறிய வீக்கம் தெரிந்தாலோ, ஒரே வேகத்தில் போகும்போது பின்பக்கம் புதிதாக அதிர்வு வந்தாலோ அந்த டயரோடு அடுத்த லோடு ஏற்றாதீர்கள். ஓடும்போதே வெடித்துவிட்டால் பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு இடது ஓரம் ஒதுக்குங்கள்.

புது டயர் வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேளுங்கள். அளவு, லோடு இன்டெக்ஸ், ஒவ்வொரு டயரின் வரிசை எண் மூன்றும் பில்லில் இருக்கட்டும். லோடு டயர் என்று சொல்லி கார் டயர் கொடுத்திருந்தால் அந்தப் பில்தான் உங்கள் ஆதாரம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஐஎஸ்ஐ முத்திரை போலி என்று தோன்றினால் பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது.